பழைய படகை யார் சோதிப்பது?

வேளாங்கண்ணிக்கும் வேதாரண்யத்துக்கும் இடைப்பட்ட ஒரு மீனவ ஊரின் மணலில் என் மைத்துனரின் படகு கவிழ்த்துப் போடப்பட்டிருக்கிறது. 28 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை அந்த ஊரைச் சூறையாடியதற்கு அடுத்த ஆண்டு, ஒரு தொண்டு நிறுவனம் வழங்கிய படகு அது. இருபது ஆண்டுகளாக அவர் குடும்பத்துக்கும், அதில் பங்குக்கு ஏறும் மூவரின் குடும்பங்களுக்கும் சோறு போட்டு வந்திருக்கிறது. கடந்த வாடைக் காலத்தின் முடிவில் அது நீர் கசியத் தொடங்கியது. பாதித் தொழிலில் ஒருவர் வலையை விட்டுவிட்டுத் தண்ணீர் இறைக்க வேண்டிய நிலை.

"சரி பண்ணலாமா, தூக்கிப் போட்டுடலாமா மச்சான்?" என்று கேட்டார். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு விடை தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யாரேனும் அரசுத் துறையில் இருப்பார், வந்து பார்த்துச் சொல்வார் என்று நினைத்தேன். அப்படி ஒருவரை அனுப்பிவைக்கும் ஏற்பாடு எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை எழுதுவதற்குக் காரணம்.

சுனாமிக்கு முன்பு சோழமண்டலக் கரையில் கட்டுமரங்களே மிகுதி. கண்ணாடியிழைப் படகு புதிதன்று. 1980-களிலேயே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம் அலையடிக்கும் மணற்கரைக்கு ஏற்ற படகுகளைச் சோதித்துப் பார்த்தது. ஆனால், கட்டுமரத்தைக் கரையிலிருந்து பெருமளவில் அகற்றியது சுனாமி நிவாரணம்தான். அரசும் தொண்டு நிறுவனங்களும் போட்டிபோட்டுக்கொண்டு படகு வழங்கின. அவசரத் தேவையை நிறைவு செய்ய, கரை நெடுகப் படகுப் பட்டறைகள் முளைத்தன. அவற்றில் பலவற்றுக்கு முன் அனுபவம் இல்லை. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் வல்லுநர்கள் அந்தப் படகுகளின் தரம் குறித்து அப்போதே எச்சரித்தார்கள். பசித்தவனுக்குப் பரிமாறும்போது அரிசியின் தரத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் படகுகளில் இன்னும் கடலுக்குப் போய்க்கொண்டிருப்பவை எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முதுமையை எட்டியிருக்கின்றன.

கட்டுமரம் தன் நோயை மறைக்காது. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயவைப்பார்கள். உளுத்த மரம் கண்ணுக்குத் தெரியும்; அந்த ஒரு மரத்தை மட்டும் மாற்றிக் கட்டலாம். கண்ணாடியிழைப் படகு அப்படியன்று. கண்ணாடி நாரால் ஆன விரிப்புகளை ரெசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி, வெளிப்புறம் ஜெல்கோட் என்னும் பளபளப்பான மேற்பூச்சு கொடுத்துச் செய்யப்படுவது அது. நார் வலுத் தருகிறது. ரெசின் அந்த நாரைப் பிடித்து நிறுத்துகிறது. இந்தப் பிடிப்பு உள்ளே தளர்ந்தாலும் வெளியே வண்ணம் மின்னிக்கொண்டிருக்கும். நார் உளுக்காது, துருப்பிடிக்காது என்பதால் இது அழியாத படகு என்ற நம்பிக்கை கரையில் நீண்ட காலம் இருந்தது. எனக்கும் இருந்தது.

உண்மையில், மேற்பூச்சின் வழியே நீர் மிக மெதுவாக உள்ளே புகுகிறது. சரியாக இறுகாத ரெசினில் மிஞ்சியிருக்கும் வேதிப்பொருள்கள் அந்த நீரில் கரைகின்றன. கரைசல் செறிவு கூடக் கூட மேலும் நீரை இழுக்கிறது. அழுத்தம் தாங்காமல் மேற்பூச்சு கொப்பளிக்கிறது. கொப்பளத்தைக் குத்தினால் புளித்த காடி போன்ற நெடியுடன் நீர் வெளிப்படும். ரெசினும் வினையூக்கியும் சரியான அளவில் கலக்கப்படாமல், மழை ஈரத்திலும் உப்புக் காற்றிலும் திறந்த கொட்டகையில் வார்க்கப்பட்ட படகுகளில் இந்த நோய் விரைவாகவே வருகிறது. இதனுடன், நாள்தோறும் மணலில் இழுப்பதால் அடிப்பாகம் தேய்கிறது. பின்புறம் பொருத்தப்பட்ட டீசல் இயந்திரத்தின் அதிர்வு அதன் இருக்கையைச் சுற்றி நட்சத்திர வடிவில் விரிசல்களை உண்டாக்குகிறது.

நான் எடுத்துச் சென்ற கருவிகள் மிக எளியவை: ஒரு சிறு சுத்தியல், ஒரு சுண்ணக்கட்டி, மரக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் இரவல் வாங்கிய ஈரமானி. சுத்தியலால் மெல்லத் தட்டினால், நல்ல இடம் 'டங்' என்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடம் 'பொத்' என்று மழுங்கும். மழுங்கிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம். அரை நாள் ஆயிற்று. ஊர்ச் சிறுவர்கள் சுற்றி நின்று, அடுத்த தட்டு நல்லதா கெட்டதா என்று பந்தயம் கட்டினார்கள்.

படகின் வரலாறே அதன் உடம்பில் எழுதியிருந்தது. பக்கவாட்டுகள் இரண்டும் உறுதி. அணியம் உறுதி. அடிப்பாகத்தின் பின்பகுதியில் இரண்டு முழ நீளத்துக்கு மழுங்கல். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கரை கடந்த கஜா புயல் இந்தப் படகைத் தூக்கித் தென்னந்தோப்பில் எறிந்தது. அப்போது வலப்புறத்தில் ஏற்பட்ட கிழிசலை ஒட்டினார்கள். அந்த ஒட்டு இன்று அப்பளம்போல் தனியே எழும்பி நிற்கிறது. இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையில் துளையிட்டுப் பார்த்தோம். நார் அடுக்குகளுக்கு நடுவே வைத்திருந்த ஒட்டுப்பலகை, காபித்தூள்போல் கறுத்து ஈரமாக உதிர்ந்தது. படகு மூழ்காதிருக்க அடித்தட்டின் கீழ் அடைத்த நுரைப்பொருள் தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடந்தது. எட்டுப் பேர் தள்ளிய படகுக்கு இரண்டு ஆண்டுகளாகப் பன்னிரண்டு பேர் தேவைப்படுவது ஏன் என்பது அப்போதுதான் என் மைத்துனருக்கு விளங்கியது. ஆட்களுக்கு வலு குறைந்துவிட்டது என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்தாராம்.

மிதப்புக்காக வைத்த பொருளே படகை அமிழ்த்தும் சுமையாகிவிட்டது. இந்த நிலையில் அந்தப் படகு ஒரு வாடைக் காலம் முழுவதும் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய் வந்திருக்கிறது.

சரிசெய்ய இரண்டு வழிகள் சொன்னார்கள். முதலாவது, கரையில் வழக்கமாகச் செய்வது. மேற்பரப்பைத் தேய்த்து, விரிசல்களில் பட்டி அடைத்து, அதன் மேல் ஓர் அடுக்கு விரிப்பை ரெசினில் தோய்த்து ஒட்டி, வண்ணம் பூசிவிடுவது. நான்கு நாள் வேலை. 35,000 ரூபாய் கேட்டார்கள். பார்த்தால் புதுப்படகுபோல் இருக்கும். ஆனால், இறுகிப்போன பழைய பாலியஸ்டர் ரெசினுடன் புதிய பாலியஸ்டர் வேதியியல் முறையில் இணைவதில்லை. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அடியில் ஈரம் இருந்தால் அந்தப் பிடிப்பும் நிலைக்காது. கஜாவுக்குப் பிறகு போட்ட ஒட்டுக்கு நேர்ந்தது இதுவே.

இரண்டாவது, முறையான சீரமைப்பு. கெட்ட அடுக்குகளைச் செதுக்கி எடுத்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, நிழலில் வாரக்கணக்கில் உலரவிட வேண்டும். வெட்டிய இடத்தின் ஓரத்தை, படகுச் சுவரின் கனத்தைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு அகலத்துக்குச் சாய்வாகத் தேய்த்து, பழையதை இறுகப் பற்றும் எபாக்சி ரெசினால் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். பின்பலகையையும் நுரையையும் முற்றிலும் மாற்ற வேண்டும். செலவு 1,30,000 ரூபாய் வரை ஆகும் என்றார் நாகப்பட்டினத்துப் பட்டறைக்காரர். இரண்டு மாதம் தொழில் இருக்காது. இயந்திரம் நீங்கலாகப் புதிய படகு 4,00,000 ரூபாய்.

ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்தேன். பூச்சு வேலை இரண்டு ஆண்டு தாங்கினால், ஆண்டுக்கு 17,500 ரூபாய். முறையான சீரமைப்பு எட்டு ஆண்டு தாங்கும் என்று கொண்டால், ஆண்டுக்கு 16,250. புதிய படகு இருபது ஆண்டு உழைத்தால், ஆண்டுக்கு 20,000. எட்டு, இருபது என்பவை என் மதிப்பீடுகளே. ஆயினும் பெரிதும் தவறாது என்று நினைக்கிறேன். அடிப்பாகம் முழுவதும் நீர் ஊறிய படகாக இருந்திருந்தால் இந்தக் கணக்கே எழுந்திராது. அதைக் கைவிடுவதுதான் முறை. பக்கங்களும் அணியமும் உறுதியாக உள்ள இந்தப் படகைக் காப்பாற்றுவதே சிக்கனம்.

இங்கேதான் அரசின் கொள்கை குறுக்கே வருகிறது. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பாரம்பரிய மீனவர்களுக்குப் பழைய படகுக்கு மாற்றாகப் புதிய படகும் வலையும் வாங்க மானியம் உண்டு. ஓர் அலகின் மதிப்பு 5 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம். 40 சதவீதத்தையே எடுத்துக்கொண்டால், 4 லட்சம் ரூபாய்ப் படகில் 1,60,000 ரூபாய் அரசின் பங்கு. மீனவர் போடுவது 2,40,000. இருபது ஆண்டில் வகுத்தால், ஆண்டுக்கு 12,000 ரூபாய். கணக்கு தலைகீழாகிவிட்டது. மானியம் இல்லையெனில் பழுது பார்ப்பது மலிவு. மானியம் உண்டெனில் பழுது பார்ப்பவர் ஏமாளி. அந்தப் படகை முழுமையாகச் சீரமைக்க ஆகும் 1,30,000 ரூபாயைவிட அதிகமான பொதுப்பணம், அதைக் கைவிடச் செய்வதற்காகச் செலவாகிறது.

அந்த மானியமும் எல்லோருக்கும் எட்டுவதில்லை. பயனாளிப் பட்டியலில் இடம் கிடைக்க வேண்டும். தன் பங்குத் தொகையைப் புரட்ட வேண்டும். வங்கிக்குப் போக முடியாதவர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். வாங்கியபின் பிடிக்கும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியதாகிறது. இதற்கு அஞ்சுபவர்கள் 35,000 ரூபாய்ப் பூச்சு வேலையைச் செய்துகொண்டு மீண்டும் கடலுக்குப் போகிறார்கள். கடைசியில், மிகவும் நலிந்த படகில் மிகவும் ஏழைகள் போகிறார்கள்.

பழுதுக்கு அரசு பணமே தருவதில்லை என்று சொல்ல முடியாது. புயல் அடித்தால் தருகிறது. மாநிலப் பேரிடர் நிதிக்கு மத்திய அரசு வகுத்துள்ள 2022-26 விதிமுறைகளின்படி, பகுதி சேதமடைந்த படகைச் சீரமைக்க 6,000 ரூபாய்; முழுதும் சேதமடைந்த படகுக்கு 15,000 ரூபாய். இந்தத் தொகை போதாது என்பதால் மாநில அரசு தன் பங்குக்குக் கூட்டித் தருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின், முழுதும் சேதமடைந்த வல்லத்துக்கான நிவாரணம் 75,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாக உயர்த்தப்பட்டது. நல்ல செயல். ஆனால், காற்று உடைத்தால்தான் அது சேதம். இருபது ஆண்டுக் கடல்நீர் உள்ளிருந்து அரித்தால், அதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

நிலத்தில் ஓடும் வண்டிக்கு இந்த நாடு வேறு நீதி வைத்திருக்கிறது. 2021-இல் அறிவிக்கப்பட்ட வாகன அழிப்புக் கொள்கை, வணிக வாகனங்களுக்கு 15 ஆண்டிலும் தனியார் வாகனங்களுக்கு 20 ஆண்டிலும் தகுதிச் சோதனை என்கிறது. தேறாத வண்டியை ஒப்படைக்கப் பதிவு பெற்ற அழிப்பு மையங்கள் உள்ளன. மீன்வளத் துறையினரும் படகுகளை ஆய்வு செய்யத்தான் செய்கிறார்கள். பதிவுச் சான்று, பதிவெண், வண்ணம், இயந்திரம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். டீசல் மானியம் முறைகேடின்றிச் சேர அது தேவைதான். அதே நாளில் படகின் அடிப்பாகத்தை ஒரு சுத்தியலால் தட்டிப் பார்க்கவும் ஒருவரை அழைத்து வரலாமே என்பதுதான் என் கேள்வி.

ஆட்கள் இல்லாமலும் இல்லை. நாகப்பட்டினத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கீழ் மீன்வளப் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் பத்துப் பேருக்கு ஒரு வாரப் பயிற்சி அளித்தால், ஒரு மீனவ ஊரின் படகுகளை ஒரு மாதத்துக்குள் தட்டிப் பார்த்து, 'ஓடலாம்', 'சீரமைத்தால் ஓடலாம்', 'ஓடக் கூடாது' என்று மூன்றாகப் பிரித்துவிட முடியும். இரண்டாம் வகைக்குச் சீரமைப்புச் செலவில் பாதியை அரசு ஏற்றால், என் மைத்துனரின் படகுக்கு ஆவது 65,000 ரூபாய். ஒரு புதிய படகுக்குத் தரும் மானியத்தில் இரண்டு படகுகளைக் காப்பாற்றி, மேலும் பணம் மிஞ்சும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது எனக்குத் தெரியும். பழுதுக்கு மானியம் என்றால் பொய் ரசீது பெருகும். புதிய படகென்றால் கண்ணால் பார்த்து எண்ணிவிடலாம் என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பூச்சு வேலை செய்துவிட்டு முழுச் சீரமைப்புக்கு ரசீது கொடுக்கப் பட்டறைகள் தயங்கமாட்டா. ஆயினும், அடுக்குகளைச் செதுக்கிய நிலையில் ஒரு முறையும் நிரப்பி முடித்தபின் ஒரு முறையுமாக இருமுறை ஆய்வாளர் வந்து, ஈரமானியின் அளவைக் குறித்து ஒளிப்படம் எடுத்தால், ஏமாற்றுவது எளிதாக இராது. புதிய படகுத் திட்டத்திலும் எண்ணிக்கை சரியாக இருக்குமே தவிர, உள்ளே எத்தனை அடுக்கு நார் வைத்தார்கள் என்பதை வண்ணத்துக்கு மேலிருந்து எண்ண முடியாது. அதைத்தான் 2005-இல் பார்த்தோம்.

ஓடக் கூடாத படகை என்ன செய்வது என்பது இன்னும் கடினமான கேள்வி. மரப்படகு விறகாகும்; இரும்புப் படகு பழைய இரும்புக் கடைக்குப் போகும். கண்ணாடியிழைப் படகை எடைக்கு வாங்குவார் இல்லை. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மட்காது. கரையில் விட்டால் வெயிலில் நொறுங்கி, நாராகக் கடலில் சேரும். இங்கிலாந்தின் சிசெஸ்டர் துறைமுகப் பகுதிச் சிப்பிகளில் ஒரு கிலோவுக்கு 11,000-க்கும் மேற்பட்ட கண்ணாடித் துகள்கள் இருந்ததாக 2024-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். படகுகளே அதற்கு முதன்மைக் காரணம் என்பது அவர்கள் கருத்து. அங்கே கண்டது உல்லாசப் படகுகளின் விளைவு. நம் கழிமுகங்களில் அப்படித் தேடிப் பார்த்தால் என்ன கிடைக்குமோ! பட்டறைகளில் வாயில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு நார்ப்புழுதியில் தேய்க்கும் தொழிலாளர்களின் நுரையீரல் தனிக் கதை.

பிரான்ஸ் 2019-இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. பழைய உல்லாசப் படகுகளைப் பிரித்தழிக்கும் செலவைப் படகு தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் செலுத்தும் கட்டணமும், படகு வரியின் ஒரு பகுதியும் ஏற்கின்றன. உரிமையாளர் படகைக் கொண்டுவந்து சேர்த்தால் போதும். அந்த அளவு வசதி நமக்கு உடனே வராது. ஆனால், சிமென்ட் உலை நம்மிடம் உண்டு. பழைய காற்றாலை இறக்கைகளை ஜெர்மனியில் துண்டாக்கி சிமென்ட் உலைகளில் இடுகிறார்கள். ரெசின் எரிபொருளாகிறது, கண்ணாடி நாரின் சிலிக்கா சிமென்ட்டுடன் கலந்துவிடுகிறது. நாகைக் கரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் அரியலூர் சிமென்ட் ஆலைகள், உள்ளாட்சிகள் தரம் பிரித்து அனுப்பும் நெகிழிக் கழிவை ஏற்கெனவே எரித்துவருகின்றன. படகுகளை வெட்டித் துண்டாக்கும் ஓர் இயந்திரமும் லாரி வாடகையும்தான் இடையில் உள்ள தடை. புதிய படகுக்கு மானியம் பெறுபவர் பழைய படகை ஒப்படைத்தாக வேண்டும் என்ற நிபந்தனையை நடைமுறையில் கறாராக்கி, ஒப்படைக்கும் இடத்தையும் காட்டினால் இது நடக்கும். இடத்தைக் காட்டாமல் நிபந்தனை மட்டும் விதித்தால், படகு இரவோடிரவாக வேறு ஊருக்குப் போய்விடும்.

என் மைத்துனர் முறையான சீரமைப்பையே தேர்ந்தெடுத்தார். தங்கையின் நகை வங்கிக்குப் போயிருக்கிறது. பின்பலகையைப் பிரித்துவிட்டார்கள், ஊறிய நுரையை அள்ளியபோது இரண்டு தள்ளுவண்டி நிறைய வந்தது. ஓலைக் கொட்டகை நிழலில் படகு இப்போது காய்கிறது. வாரம் ஒரு முறை ஈரமானியுடன் போகிறேன், எண் இறங்கிவருகிறது. இதற்கிடையே புதிய படகுக்கான மானியத்துக்கும் அவர் விண்ணப்பித்திருக்கிறார் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

"பட்டியல்ல பேர் வந்துட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"வாங்கிக்குவேன் மச்சான். இதை யாருக்காவது வித்துடுவேன்" என்றார். பிறகு சற்று யோசித்து, "இதையாவது சரி பண்ணி விக்கிறேன். சரி பண்ணாமலே விக்கிறவங்கதான் ஊர்ல நிறைய" என்றார்.